கரப்பான் போன வீடு

பிரிசில்லா மேடம் காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோகிற நேரம் பார்த்துத்தானா அது வர வேண்டும்? டிவி ஸ்டாண்டின் இடுக்கிலிருந்து புறப்பட்டு, டீப்பாய்மேல் ஏறி, பிஸ்கட் தட்டைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்து, மீசையை ஆட்டியபடி அவரையே பார்த்து நின்றது. விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்ற பேதமெல்லாம் கரப்பான்பூச்சிக்குக் கிடையாது. மங்கையர்க்கரசிக்குத் தரை பிளந்து அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வந்தவர் சாதாரண விருந்தாளியாக இருந்தால் சிரித்து மழுப்பியிருக்கலாம். பிரிசில்லா பொருத்தம் பார்க்கும் அதிகாரி. கல்யாணப் பொருத்தம் அல்ல, பிள்ளைப் பொருத்தம். தத்துச் சட்டத்தை மாற்றிய பிறகு, விவரம் தெரிந்த குழந்தையை அதன் சம்மதமில்லாமல் யாரிடமும் கொடுப்பதில்லை. குழந்தை இரண்டு தடவை அந்த வீட்டுக்கு வந்து பகல் முழுக்க இருக்கும். இரண்டாம் தடவை கிளம்பும்போது அதிகாரி வாசலில் நின்று, இங்கே இருக்கிறாயா என்று கேட்பார். குழந்தை தலையாட்டினால் உண்டு. இல்லையென்றால் யார் காலைப் பிடித்தாலும் இல்லை.

மங்கைக்கும் வைத்திலிங்கத்துக்கும் இது கடைசி வாய்ப்பு. அடுத்த சித்திரையில் வைத்திக்கு ஐம்பது முடிகிறது. அதன்பிறகு காத்திருப்போர் வரிசையில் அவர்கள் பெயர் இருக்காது. வரப்போகிற பெண்ணின் பெயர் நிறைமதி. ஒன்பது வயது. இதற்குமுன் இரண்டு வீட்டுக்குப் போய்விட்டு, இரண்டையும் வேண்டாம் என்று சொன்னவள்.

"பரவால்லைம்மா, எங்க வீட்லயும்தான் இருக்கு" என்றார் பிரிசில்லா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காப்பி அப்படியே இருந்தது. "நிறைமதி இன்னும் ரெண்டு வாரத்துல வருவா. ரொம்ப சமத்து. ஹோமுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, ஒரு நாள்கூட அழுததில்ல. ஆனா குழந்தை வர்ற வீடு பாருங்க, இதுக்கு மட்டும் ஏதாவது பண்ணிடுங்க."

ஏதாவது பண்ணுவதாம். பண்ணாத காரியம் என்ன பாக்கி? சென்னையின் கரப்பான்கள் மருந்துக்குச் சாவதை நிறுத்தி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. தெளிக்கிற மருந்தில் குளித்துவிட்டுப் போயின. மங்கை போரிக் பவுடரைச் சர்க்கரையோடு பிசைந்து உருண்டை பிடித்து வைத்தாள். தின்றுவிட்டு மறுநாள் குடும்பத்தோடு வந்தன. வைத்தி ஹவுஸ் ஓனருக்குப் போன் போட்டால், "பழைய பில்டிங் சார், கரப்பான் இல்லாத வீடு வேணும்னா சொந்தமாக் கட்டிக்கிட்டாத்தான் உண்டு" என்று கூசாமல் பதில் வந்தது. மூன்றாவது மாடியில் பதினோரு வருடக் குடித்தனம். சமையலறையில் விளக்கைப் போட்டால் முதலில் ஓடுவது யார், இவர்களா அவையா என்பதுதான் தினப்படிக் கேள்வி.

அப்போதுதான் 'விலகு' என்ற மருந்து வந்தது.

புதிய கம்பெனி. ஆள்பலம் இல்லாததால் மருந்தைக் கண்டுபிடித்த பெண்ணே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நப்பின்னை என்று பெயர். ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது கல்லூரி மாணவி என்றே மங்கை நினைத்தாள். பெட்டியில் ஒரு சிறு குப்பியும் கடுகளவு பொட்டு வைக்கிற குச்சியும்தான் இருந்தன.

"இவ்வளவுதானாம்மா? முகமூடி, குழாய் எல்லாம் இல்லையா?"

"இது கொல்ற மருந்து இல்ல அக்கா" என்றாள் நப்பின்னை, அடுப்பு மேடைக்கு அடியில் குனிந்தபடி. "கரப்பான் கூட்டத்துல ஒண்ணு செத்தா, அதோட உடம்புலேர்ந்து ஒரு கொழுப்பு கசியும். மத்ததுங்களுக்கு அந்த வாசனை ஒரு போர்டு மாட்டின மாதிரி. இங்க சாவு நடந்திருக்கு, இருக்காதே, போயிடுன்னு அர்த்தம். அந்த வாசனையத்தான் நாங்க செஞ்சு, பல மடங்கு ஏத்தி, ஒரு வருஷம் கலையாத மாதிரி பண்ணியிருக்கோம். மருந்துக்குப் பழகிடலாம், சாவுக்குப் பழக முடியாது பாருங்க."

"நமக்கு ஒண்ணும் ஆகாதே? குழந்தை வரப்போகுது."

"மனுஷ மூக்குக்கு இது தெரியவே தெரியாது. ஆள வெச்சு டெஸ்ட் பண்ணியாச்சு."

ஓர் அறைக்கு நான்கு பொட்டு என்று கணக்கு. நப்பின்னை கணக்குப்படி வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் மங்கையின் கை, கீரைக்காரியிடம் கொத்தமல்லி கொசுறு வாங்கிப் பழகிய கை. காசு கொடுத்ததற்கு மேல் ஒரு துளியாவது கூட வராவிட்டால் அவளுக்கு அன்றைய வியாபாரம் நிறைவதில்லை. "அந்த அலமாரி மேல ஒண்ணு வெச்சுடும்மா. சாமி மாடத்துக்குப் பின்னால ஒண்ணு. வந்ததே வந்தே, கட்டிலுக்கு அடியிலயும் ஒண்ணு வெச்சுட்டுப் போயேன்." நப்பின்னையும் இளகிய மனசுக்காரி. குப்பியில் மிச்சமிருந்ததையெல்லாம் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் அவை கிளம்பின. வைத்தி வேலைவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான். சிங்க்குக்கு அடியிலிருந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து, கதவு நிலையின் விரிசலிலிருந்து பெரிசும் சிறிசுமாக வந்தன. ஓட்டமில்லை, பதற்றமில்லை. வரிசையாகப் பால்கனிக்குப் போய், மழைநீர்க் குழாயைப் பிடித்து இறங்கின.

"இத்தனை பேரோடவா நாம குடியிருந்தோம்?" என்றான் வைத்தி.

"எங்க போகுதுங்க?"

"கீழ் வீட்டுக்குத்தான். வேற எங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மங்கை ராத்திரி பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுப் பார்த்தாள், சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. பிள்ளை வருகிற வீடு தயார் என்று அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் உடம்பு ஒரு மாதிரி ஓய்ந்து கிடந்தது. வங்கி வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்வது அவள் வேலை. அந்த வாரம், கொஞ்சம் உரக்கப் பேசுங்க மேடம் என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். வைத்தி டிவி போடுவதில்லை. முகம் மழிக்காமலே பஸ் டிப்போ வேலைக்குப் போய்வந்தான். பூக்காரி கூப்பிட்டால் மங்கை நாளைக்கு என்றாள். அந்த நாளை வரவேயில்லை. ரசம் வைத்தால் தாளிக்கத் தோன்றவில்லை. இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். வயசாகிறது, வேறென்ன, என்று இருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டார்கள்.

எதிர் பிளாட் அமுதவல்லி அக்கா வந்தால் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர். இப்போது வந்தால் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசி, சட்டென்று எழுந்து போய்விடுகிறார். நம்மீது என்ன கோபமோ என்று மங்கை உள்ளுக்குள் நொந்துகொண்டாள்.

இந்த லட்சணத்தில்தான் நிறைமதி முதல் தடவை வந்தாள்.

இரட்டைப் பின்னல், இஸ்திரி போட்ட கவுன், முகம் நிறையச் சிரிப்பு. வாசலிலேயே கைகூப்பி, "வணக்கம் அங்கிள், வணக்கம் ஆன்ட்டி" என்றாள். யாரோ நன்றாகப் பழக்கியிருந்தார்கள். பிரிசில்லா விட்டுவிட்டுப் போனதும் நடு ஹாலில் நின்று, "ஒரு பாட்டு பாடட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது, நின்றது. சிரிப்பும் அதோடு போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், அலமாரியை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மங்கை முறுக்கு கொடுத்தாள், பால் கொடுத்தாள், புதிதாக வாங்கிய கலர் பென்சில் பெட்டியைக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரு தலையசைப்புதான். மத்தியானம் அந்த இடத்திலேயே சுருண்டு படுத்துத் தூங்கியவள், பிரிசில்லா வந்து தட்டி எழுப்புகிற வரை எழுந்திருக்கவில்லை. வணக்கம் சொல்லிக்கொண்டு வந்த பிள்ளை, போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டது.

"பிடிக்கலபோல" என்றான் வைத்தி.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

மங்கைக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பல வருடம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும், டாக்டர் கை விரித்தபோதும் இப்படி அழுததில்லை. நிறைமதி சாய்ந்திருந்த சுவரில் தானும் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

நாலைந்து நாள் கழித்து மொட்டை மாடியில் துணியெடுக்கப் போனபோது அமுதவல்லி அக்கா தலையை விரித்துப் போட்டு நின்றிருந்தார். சொட்டச் சொட்ட ஈரம்.

"என்னக்கா, விளக்கு வைக்கிற நேரத்துல தலைக்கு ஊத்தியிருக்கீங்க?"

அக்கா திருதிருவென்று விழித்தார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்பதால், மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத மங்கை. மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன்ல? உன் வீட்டுக்கு வந்துட்டுப் போனாலே தலை முழுகணும்போல இருக்கு. ஏன்னு எனக்கே தெரியல. உக்காரவும் முடியல. போயிட்டு வரேன்னு சொல்ல வாயெடுத்தா வார்த்தை வர மாட்டேங்குது. சொல்லக் கூடாதுன்னு உள்ள ஏதோ தடுக்குது. எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரியே…" என்றவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "என் வாயில கொள்ளி வைக்க."

மங்கைக்குக் கோபம் வரவில்லை. கூடையிலிருந்த துணியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாளிக்காத ரசம், வாங்காத பூ, வைத்தியின் தாடி, ஓடாத டிவி, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிய பிள்ளை. சாவு வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள். சாவு வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். மூக்குக்குத் தெரியாது என்றாளே அந்தப் பெண்!

மறுநாளே நப்பின்னையை வரவழைத்துவிட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல், "சும்மா கொஞ்ச நேரம் உக்காரும்மா" என்றாள். நப்பின்னை உட்கார்ந்தாள். முதலில் கம்பெனிக் கதையைக் கலகலவென்று பேசினாள். போகப் போகக் குரல் தணிந்தது. துப்பட்டாவை இழுத்து முந்தானை மாதிரிப் போர்த்திக்கொண்டாள். கடைசியில் பேச்சே நின்றுபோய், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப உனக்கு என்ன தோணுது?"

"எங்க சித்தப்பா ஞாபகம் வருது அக்கா. போன வருஷம் போயிட்டார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. மாடத்தையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ" என்றாள்.

"டெஸ்ட் பண்ணோம்னு சொன்னியே?"

"பண்ணோம் அக்கா. நாப்பது பேர ரூம்ல உக்கார வெச்சு, ஏதாவது வாசனை வருதான்னு கேட்டோம். இல்லன்னாங்க. மனசு எப்படி இருக்குன்னு ஒருத்தர்கிட்டகூடக் கேக்கல."

"கேட்டிருந்தா மட்டும்? நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பாங்க. நானும் வயசாகுதுன்னுதானே நெனச்சேன்."

நப்பின்னை மெதுவாகச் சொன்னாள்: "எறும்போ, கரப்பானோ, மனுஷனோ, உடம்பு முடிஞ்சா கசியறது ஏறக்குறைய ஒரே கொழுப்புதான். ரொம்பப் பழைய வாசனை அக்கா. மூக்குக்குப் பேர் சொல்லத் தெரியல, உடம்புக்குத் தெரியுது. கரப்பான் அதக் கேட்டுட்டுப் போயிடுச்சு. நீங்க போகாம இருந்து துக்கம் காத்துக்கிட்டிருக்கீங்க. அதுவும் நான் உங்களுக்குக் கூடுதலா வேற வெச்சுட்டேன்."

"நான்தானே கேட்டு வாங்கினேன்" என்றாள் மங்கை. கொசுறாகச் சாவைக் கேட்டு வாங்கியவள் இந்தப் பட்டணத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது, பல நாளுக்குப்பிறகு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

நப்பின்னை சிரிக்கவில்லை. "இன்னொண்ணு சொல்றேன். ஒரு ஓனர் தன்னோட மூணு பில்டிங்குக்கும் வெச்சார். அங்க கரப்பானே கிடையாது, அப்புறமும் ஏன் இன்னும் இன்னும்னு கேக்கறார்னு எங்களுக்குப் புரியல. இப்பப் புரியுது. பழைய வாடகையில இருந்தவங்கல்லாம் தானாவே காலி பண்ணிட்டுப் போறாங்களாம். சண்டை இல்ல, கோர்ட் இல்ல. அவங்களுக்கே காரணம் தெரியல, வீடு ராசியில்லன்னு சொல்லிட்டுப் போறாங்களாம்."

"அவருக்கு மறுபடியும் குடுத்தீங்களா?"

"கம்பெனி குடுத்திடுச்சு. நான் போய் இதச் சொன்னா, வேலையே போனாலும் போகும். பரவால்ல, சொல்லத்தான் போறேன்." எழுந்து நின்றாள். "முதல்ல உங்க வீட்டச் சரி பண்ணணும். துடைக்கறதுக்கு ஒரு கரைசல் இருக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன். துடைச்சா ரெண்டு நாள்ல போயிடும். ஆனா கரப்பான் திரும்ப வரும் அக்கா."

"வரட்டும். அதுங்களோடதான் பதினோரு வருஷம் இருந்திருக்கேனே."

அதற்கடுத்த வாரம்தான் நிறைமதி வருவதாக இருந்தது. அதற்குள் வீடு வீடாகிவிடும் என்று மங்கை தெம்பாக இருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை பிரிசில்லா போன் செய்தார். ஹோமில் வெள்ளையடிக்கிறார்களாம். நாளைக்கே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாராம். முடியாது என்றால் இவர்களுக்கு அக்கறையில்லை என்று ஆகிவிடும். மங்கை சரி மேடம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கணவனும் மனைவியும் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார்கள். மின்விசிறிகளைச் சுழலவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த பொட்டுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். அவையா அசையும், ஒரு வருடத்துச் சரக்கு. வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று வைத்தி ஒரு கட்டு ஊதுவத்தியைக் கொளுத்தி மூலைக்கு மூலை செருகி வைத்தான். சாவு வீட்டுக்கு அதுவரை குறையாக இருந்தது அது ஒன்றுதான். இப்போது பார்க்கிறவர்கள் மாலையோடு வர வேண்டியதுதான் பாக்கி. மங்கை தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்தாள்.

நிறைமதி வந்தாள். இந்தத் தடவை சிரிப்பும் இல்லை, வணக்கமும் இல்லை. பிரிசில்லா அவள் தலையைத் தடவி, "சாயங்காலம் வருவேன். அப்ப நான் என்ன கேப்பேன்னு தெரியும்ல?" என்றார். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, பிள்ளை தன் சமையலறைச் சுவருக்குப் போய் உட்கார்ந்தது.

மங்கை எதிரே உட்கார்ந்தாள். கெஞ்சத் தோன்றியது. எங்களைப் பிடிக்காமல் போனது எங்களால் இல்லை, ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளடி கண்ணே என்று காலைப் பிடித்துக் கேட்கலாம் போலிருந்தது. வாயைத் திறப்பதற்குள் நிறைமதியே கேட்டாள்.

"ஆன்ட்டி, இங்க யாரு செத்தாங்க?"

மங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவருகே நின்றிருந்த வைத்தி, வேண்டாம் என்பதுபோல் கண்ணால் சொன்னான். பிள்ளையிடம் போய்ச் சாவைப் பற்றிப் பேசுவதா? ஆனால் அந்தக் கண்களைப் பார்த்தபிறகு மங்கைக்குப் பொய் வரவில்லை. அலமாரிக்கு அடியிலிருந்த பொட்டைக் காட்டினாள். கரப்பான் கதையை முதலிலிருந்து சொன்னாள். பிரிசில்லா மேடத்தின் காப்பியையும் விடவில்லை. பிள்ளை கண் கொட்டாமல் கேட்டது.

"அப்ப நெஜமா யாரும் சாகலையா?"

"இல்லம்மா. நாளைக்கு அந்த அக்கா வந்து எல்லாத்தையும் துடைச்சிடுவாங்க. அப்புறம் நம்ம வீடு கலகலன்னு ஆயிடும், நீயே பாரேன்."

"வேணாம்" என்றாள் நிறைமதி.

முழங்காலைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள். ஒப்பிக்கிற குரல் இல்லை, சொந்தக் குரல்.

"வேன் கவுந்தப்ப எனக்குக் கால் ஒடஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் படுத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் வேற வார்டுல இருக்காங்கன்னு சொன்னாங்க. அப்புறம்தான் இல்லன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அழுதேன். கூட்டிட்டுப் போனாங்க. அது வாடகை வீடு ஆன்ட்டி. வேற யாரோ குடி வந்துட்டாங்க. சாம்பார் வாசனை வந்துச்சு. ஒரு பாப்பா சைக்கிள் ஓட்டிட்டு இருந்துச்சு. அங்க எப்படி அழறது? ஹோமுல யாரு அழுதாலும் உடனே சாக்லேட் குடுத்து டான்ஸ் ஆடச் சொல்வாங்க. போன ரெண்டு வீட்லயும் பாடச் சொன்னாங்க, சிரிக்கச் சொன்னாங்க. அதான் வேணாம்னுட்டேன். இங்க வந்தப்பதான்…" கையால் சுவரைத் தடவினாள். "இந்த வீடு ஒண்ணும் சொல்லல."

மங்கை கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்க யாரும் சாகலன்னா," என்று நிறைமதி நிமிர்ந்தாள், "எங்க அம்மா அப்பாவுக்கு வெச்சுக்கலாமா?"

கேட்டுவிட்டு, பென்சில் இரவல் கேட்ட பிள்ளை மாதிரி பதிலுக்குக் காத்திருந்தாள். மங்கை வைத்தியைப் பார்த்தாள். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். எதிர் பிளாட்டின் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவன் சொல்கிற குரலும் கேட்டது.

"அக்கா, எங்க வீட்ல துக்கம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

துக்கம் என்று வாய்விட்டுச் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்கிற ஜனமா இது? பேர் தெரியாத துக்கத்துக்குப் பயந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்த அமுதவல்லி அக்கா, பேர் தெரிந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்தார். யார், என்ன என்று வைத்தி வாசலிலேயே சொல்லியிருந்தான். நேராகச் சமையலறைக்குப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் இரண்டு கையையும் தன் கைக்குள் வாங்கிக்கொண்டார். "உங்கம்மா பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார்.

"செண்பகம்."

"அப்பா?"

"முருகவேல்." அந்தப் பெயரைச் சொல்லும்போதுதான் உடைந்தது. இரண்டு வருடமாகப் பிள்ளைக்குள் கெட்டித்துக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. அக்காவின் மடியில் முகம் புதைத்து, அம்மா அம்மா என்று அடிவயிற்றிலிருந்து அழுதது. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. மங்கை பின்னாலிருந்து கட்டிக்கொண்டு தானும் அழுதாள். பிறக்காமலே போன தன் பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுகிறோம் என்பது அழுகிறபோதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். முதல் மாடித் தம்பதி வந்தார்கள். இவர்கள் வீட்டுக் கரப்பான் அத்தனையையும் இத்தனை நாளாகச் சமாளித்துக்கொண்டிருந்த இரண்டாவது மாடி ராஜமாணிக்கம் சாரும் வந்தார். வாட்ச்மேனின் மனைவி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ராஜமாணிக்கம் சார் வைத்தியின் கையைத் தொட்டு, "எப்ப?" என்று மெல்லக் கேட்டார்.

"ரெண்டு வருஷமாச்சு சார்."

"அதனால என்ன" என்றார் அவர். சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பதால் எதிர் பிளாட்டிலிருந்து காப்பியும், பிறகு சாதமும் வெறும் ரசமும் வந்தன. மங்கை பிசைந்து ஊட்டினாள். நிறைமதி விக்கலுக்கு நடுவே முழுத் தட்டும் சாப்பிட்டாள். அவளிடம் அப்பா அம்மா படம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு நெற்றியில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கும் என்றும், அப்பா லாரி ஹாரன் மாதிரி வாயால் ஊதிக் காட்டுவார் என்றும் வந்தவர்களிடம் சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். மாடத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

நப்பின்னைக்கு மங்கைதான் போன் செய்தாள். "நாளைக்கு நீ வர வேணாம்மா."

"ஏன் அக்கா? கஷ்டப்படறீங்களே, எப்பத்தான் வரட்டும்?"

"பதினாறு முடியட்டும். அதுக்கப்புறம் வந்து துடைச்சிடு."

சாயங்காலம் பிரிசில்லா மேடம் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது, வாசலில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. உள்ளே தணிந்த பேச்சுக் குரல் கேட்டது. அவர் முகம் வெளிறிவிட்டது. பிள்ளையை ஒப்படைத்த வீட்டில் இப்படிச் செருப்புகளைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்று நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

மங்கை பதறிக்கொண்டு எழுந்தாள். அதற்குள் நிறைமதி ஹாலைக் கடந்து வாசலுக்குப் போய்விட்டாள். முகமெல்லாம் வீங்கி, மூக்கு சிவந்து, பின்னல் பாதி அவிழ்ந்து கிடந்தது. அழுது பார்த்திராத அந்த முகத்தைப் பிரிசில்லாவுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"எங்க வீட்ல துக்கம் மேடம்" என்றாள் நிறைமதி. "உள்ள வந்து உக்காருங்க."

பிரிசில்லா கேட்க வந்த கேள்வியைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.